ஓநாய்க் கணக்கில் வேட்டைக்காரர் சொல்லுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

பனித்தடம்:
வணக்கம். மூன்று குளிர்காலமாக ஓநாய்க் கணக்கெடுப்பில் வேலை பார்க்கிறேன். எந்த நாடு என்று சொல்லவில்லை, இங்கே ஓநாய் என்று வாயெடுத்தாலே சண்டை வந்துவிடும். தடம், எச்சத்திலிருந்து எடுக்கும் மரபணு, கேமராவில் விழும் படம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பகுதியில் எத்தனை கூட்டம் இருக்கிறது என்று முடிவு செய்வோம். அந்த எண்ணை வைத்துத்தான் இந்த வருடம் எத்தனை சுடலாம் என்று மேலே தீர்மானிக்கிறார்கள்.

எங்களோடு ஒரு பெரியவர் காட்டுக்கு வருவார். எழுபது தாண்டிவிட்டது, சின்ன வயதிலிருந்தே வேட்டைக்காரர். போன மாதம் மரம் ஏற்றும் லாரிப் பாதையின் குறுக்கே ஒற்றை வரிசையில் ஒரு தடம் போயிருந்தது. "ஒன்று" என்று குறித்துக்கொண்டேன். அவர் எதுவும் பேசவில்லை. தடத்தை மிதிக்காமல் அதன் ஓரமாகவே நடக்க ஆரம்பித்தார், நானும் பின்னாலேயே போனேன். முந்நூறு மீட்டர் இருக்கும், ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அந்த மரத்தடியில் ஒரு தடம் ஐந்தாகப் பிரிந்தது. ஒன்று மரத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறது, இரண்டு அடியில் நுழைந்திருக்கின்றன, மற்றவை சுற்றிக்கொண்டு போயிருக்கின்றன. ஆழமான பனியில் முன்னால் போகும் ஓநாய் மிதித்த குழியிலேயே பின்னால் வருபவையும் கால் வைக்கும். நான் படித்துப் பரீட்சை எழுதிய விஷயம்தான் இது. இருந்தும் கோட்டை விட்டேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவை வேறு என்கிறார் அவர். எங்கள் கணக்கில் ஆற்றின் இரு கரைக்கும் சேர்த்து ஒரே கூட்டம்தான். அலுவலகத்தில் சொன்னால், "அதிகம் இருக்கிறது என்று சொன்னால்தானே அதிகம் சுட முடியும்" என்று சிரிக்கிறார்கள். அவர் சொல்வதைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? சேர்க்கலாமா, கூடாதா?

காட்டுவழி:
தம்பி, சேர்க்கலாமா என்ற கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேள். பெரியவர் பார்த்தது ஒன்று, அதிலிருந்து அவர் முடிவு கட்டியது வேறொன்று. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

கனடாவின் துருவக் கரடி விவகாரத்தைப் பார். மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1987-இல் 1,194 ஆக இருந்த கரடிகள் 2004-இல் 935 ஆகக் குறைந்துவிட்டன என்றது ஆய்வு. அங்கே வாழும் இனுவிட் வேட்டைக்காரர்களோ ஊர்ப்பக்கம் முன்பைவிட அதிகம் கரடி வருகிறது என்றார்கள். யார் பொய்? யாருமே இல்லை. கடல்பனி முன்கூட்டியே உடைவதால் கரடிகள் சீக்கிரம் கரையேறிவிடுகின்றன, பசியோடு வீடுகளை நோக்கி வருகின்றன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். கண்ணில் படுவது கூடியது உண்மை, மொத்தம் குறைந்ததும் உண்மை. அங்கே வேட்டையைத் தீர்மானிக்கும் நுனாவுட் பிரதேச அரசு 2005-இல் அந்தப் பகுதியின் கோட்டாவை, அதாவது வருடத்துக்கு எத்தனை சுடலாம் என்ற வரம்பை, ஏற்றியது, பிறகு இறக்க வேண்டிவந்தது.

அதோடு நிறுத்திக்கொண்டு வேட்டைக்காரர் பேச்சை ஒதுக்கிவிடாதே. கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே இருக்கும் டேவிஸ் நீரிணைப் பக்கமும் கரடி கூடியிருக்கிறது என்று அதே இனுவிட் மக்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2005 முதல் 2007 வரை எண்ணிப் பார்த்தபோது 2,100-க்கும் மேல் வந்தது. அங்கே அவர்கள் சொன்னதுதான் சரி.

அதனால் "எத்தனை கூட்டம்?" என்று அவரிடம் கேட்காதே. எங்கே பார்த்தார், என்றைக்குப் பார்த்தார், வேறு என்று எதை வைத்துச் சொல்கிறார் என்று கேள். பதில் வேறு மாதிரி வரும்.

புள்ளிக்கோலம்:
அலுவலகத்தில் சிரிப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சுட விரும்புகிறவர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லலாம், நாயை ஓநாயிடம் பறிகொடுத்தவர் கோபத்தில் சொல்லலாம். ஆனால் காக்க நினைக்கிறவர்களுக்கும் குறைத்துச் சொல்ல ஆசை வரும், அதையும் மறக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் பொய்யைவிடப் பெரிய தொல்லை இரட்டை எண்ணிக்கை. ஒரு ஓநாய்க் கூட்டம் ஒரே இரவில் இருபது முப்பது கிலோமீட்டர்கூடப் போய்விடும். மூன்று வேட்டைக்குழு மூன்று இடத்தில் பார்த்து, மூன்றும் உண்மையாகவே எழுதிக் கொடுத்தால் உங்கள் மேசைக்கு வந்து சேரும்போது மூன்று கூட்டம் ஆகிவிடும்.

இன்னொன்று, ஒன்றும் பார்க்காத நாளை யாரும் எழுதுவதில்லை. பின்லாந்தில் 1989-லிருந்து நடக்கும் முக்கோணக் கணக்கெடுப்பில் எனக்குப் பிடித்ததே இதுதான். பக்கத்துக்கு 4 கிலோமீட்டர் வீதம் சுற்றிலும் 12 கிலோமீட்டர், காட்டில் நிரந்தரமாகக் குறித்து வைத்த ஒரு முக்கோணம். நடப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வேட்டைக்காரர்கள். குளிர்காலத்தில் அந்த முக்கோணக் கோட்டின் குறுக்கே எத்தனை தடம் வெட்டிப் போகிறது என்று எண்ணுவார்கள். தடமே இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும், அந்தப் பூஜ்யமும் கணக்கில் சேரும். அதிகம் ஓடும் விலங்கு கோட்டை அதிகம் வெட்டும் என்பதால், ஒரு விலங்கு ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தால்தான் வெட்டுகளின் எண்ணிக்கை விலங்கின் எண்ணிக்கையாக மாறும். அந்தத் தூரம் தடத்தைப் பின்தொடர்ந்து நடந்தவனுக்குத்தான் தெரியும், என்னைப் போல நாற்காலியில் இருப்பவனுக்குத் தெரியாது.

குளம்படி:
சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நமீபியாவில் சான் பழங்குடி வேட்டைக்காரர்களுக்கு 1990-களில் அப்படி ஒரு சோதனை வைத்தார்கள். ஆய்வாளர்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த தடங்கள். எந்த விலங்கு, ஆணா பெண்ணா, என்ன செய்தது என்று கேட்டதில் நூற்றுக்கு 98 சரி. ஆற்றின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஆள் அனுப்பிப் பாருங்கள்.

பனித்தடம்:
எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து வந்து பதில் எழுதுகிறேன். புதுப் பனி விழட்டும் என்று காத்திருந்தோம். விழுந்து ஒரு இரவு தாண்டியதும், மறுநாள் காலை ஒரே நேரத்தில் ஆற்றின் இரு கரையிலும் ஆட்கள் இறங்கினார்கள். எங்கள் கரையில் அதே ஐந்து. எதிர்க்கரையில் பெரியவரும் நானும் போனோம். இரண்டு தடம் பக்கம் பக்கமாகப் போயிருந்தது.

ஒரு சின்ன ஊசியிலை மரத்தடியில் நின்றார். பனியில் மஞ்சளாக இரண்டு இடம், அதில் ஒன்றில் மிளகு அளவில் ரத்தத் துளிகள். "பொண்ணு பருவத்துல இருக்கா" என்றார். ரத்தம் கலந்த அந்தப் பனியை அப்படியே அள்ளிக் குப்பியில் போட்டோம். (குப்பி மூடியைத் திறப்பதற்குள் என் விரல்கள் மரத்துப்போய், அவர்தான் திறந்து கொடுத்தார்.) நேற்று முடிவு வந்தது. எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பெண் ஓநாய்.

ஆக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவை வேறுதான். ஆனால் கூட்டம் இல்லை, சிறுநீரால் எல்லை குறிக்கும் ஒரு ஜோடி. எங்கள் விதிப்படி மூன்றும் அதற்கு மேலும் இருந்தால்தான் குடும்பக் கூட்டம், ஜோடிக்குத் தனிக் கணக்கு. பெரியவரிடம் போய், "கூட்டம் என்றீர்களே, இரண்டுதானே இருக்கிறது" என்றேன்.

"கூட்டம்னு நான் எப்பச் சொன்னேன்? வேற ஆளுங்கன்னுதான் சொன்னேன்."

உண்மைதான். அவர் சொன்னதைப் படிவத்தில் ஏற்றியது நான். அதில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது, 'தனி', 'கூட்டம்'. தனியில்லை என்பதால் கூட்டத்தில் டிக் போட்டேன். அலுவலகத்தில் அவர்கள் சிரித்தது என் டிக்கைப் பார்த்து.

பழைய படிவங்களை இன்று எடுத்துப் பார்த்தேன். வேட்டைக்காரர்கள் 'கூட்டம்' என்று சொன்னதாகப் பதிந்தவற்றில் பாதிக்கு மேல் என் கையெழுத்து. அவர்கள் வாயிலிருந்து வந்த சொல் எதுவும் அதில் இல்லை. ஜோடிக்கு ஒரு கட்டம், பார்த்ததைச் சொந்த வார்த்தையில் எழுத நாலு வரி இடம், ஒன்றும் பார்க்கவில்லை என்பதற்கு ஒரு கட்டம், இவ்வளவும் வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

காட்டுவழி:
ஜோடி என்றால் வேனிலில் குட்டி வரும், அடுத்த குளிரில் அது கூட்டம். இந்த வருடம் அந்த இரண்டில் ஒன்று சுடப்பட்டால் அந்த இடமே காலியாகலாம். கோட்டா முடிவாகும் முன் இந்த முடிவு மேலே போய்ச் சேர்ந்ததா என்று பார்.

பனித்தடம்:
போய்ச் சேர்ந்தது அண்ணா, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அடுத்த பனிக்கு மேற்கே சதுப்பைத் தாண்டிப் போகணும், அங்கே நரித்தடம் திடீரென்று குறைந்திருக்கிறது என்கிறார். ஏன் என்று கேட்டேன். வந்து பார் என்றார்.