டெரியர் குட்டியை எலி மேல் எத்தனை மாசத்தில் விடலாம்?

ஆற்காடு_குடோன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆற்காடு பக்கம் எங்களுக்கு ஒரு நெல் குடோன் இருக்கு. சம்பா அறுவடை முடிஞ்சு மூட்டை வந்து இறங்குற நேரம் இது. எலியும் கூடவே இறங்குது. அடி வரிசை மூட்டையெல்லாம் ஓட்டை, நெல் ஒழுகிக்கிட்டே இருக்கு. சுவரோரம் பெருச்சாளி பறிச்ச மண்ணைத் தினமும் ஒரு கூடை வாரிக் கொட்டுறோம். பூனை வளர்த்துப் பார்த்தோம். வீட்டெலியைப் பிடிச்சுது, பெருச்சாளியைப் பார்த்தா மூட்டை மேல ஏறி உட்கார்ந்துக்கிச்சு. அதனால பெங்களூர்ல இருந்து ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாய்க்குட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஆண், மூணரை மாசம், பேரு சிட்டு.

நேத்து கூண்டுல ஒரு பெருச்சாளி விழுந்துச்சு. "கதவைச் சாத்திட்டு குட்டி முன்னாடி திறந்து விடுடா, இப்பவே ரத்த ருசி கண்டாத்தான் அப்புறம் உதவும்"னு எங்க மாமா சொல்றார். எனக்கு மனசு வரல. பக்கத்து மில்லுக்காரர் ஒரு வயசு ஆகட்டும்ங்கிறார். எலிக்குன்னே நாய் வளர்த்தவங்க சொல்லுங்க, எப்ப ஆரம்பிக்கணும்?

கணியம்பாடி_கொல்லைக்காரன்:
உங்க மாமா சொல்றதுதான் சரி தம்பி. நாங்க கொல்லையில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுறவங்க. காய் பிடிக்கிற நேரத்துல வெள்ளெலி பூந்தா ஒரே ராத்திரியில ஒரு பாத்தி காலி. 20 வருஷமா நாய் வெச்சுதான் காவல். மூணு மாசத்துல எலியைக் காட்டின குட்டி ஒண்ணுகூட எனக்குச் சோடை போகல. ஒரு வருஷம் பாய்ல படுக்க வெச்சு பால்சோறு ஊட்டின நாய் எலியைக் கண்டா வாலைத்தான் ஆட்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? தாய் நாயே எலியைக் கவ்விக்கிட்டு வந்து குட்டிங்க நடுவுல போடும், எங்க கொட்டாய்ல நான் கண்ணால பார்த்திருக்கேன். தாய் செய்யுறதை நாம செய்யக் கூடாதா?

பாலாறு_72:
அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா இந்த யோசனையைக் கேட்டு ஒரு குட்டியைக் கெடுத்தவன் நான். அதனால சொல்லியே ஆகணும்.

சேண்பாக்கத்துல எங்க வீட்டுப் பின்கட்டு. குட்டிக்கு நாலு மாசம், பாக்ஸ் டெரியர் கலப்பு. கூண்டுல விழுந்த பெருச்சாளியைக் குளியலறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தினேன். அது ஓடல. மூலையில முதுகை வெச்சு, பின்னங்கால்ல எழுந்து நின்னு, முடியைச் சிலிர்த்துக்கிட்டு உறுமுது. குட்டி விளையாட்டுப் பொருள்னு நினைச்சு மூக்கை நீட்டினான். மேல் உதட்டைக் கவ்விடுச்சு. கவ்வினது விடல. குட்டி தலையை உதற உதற அதுவும் சேர்ந்து ஊசலாடுது. துடைப்பக்கட்டையை வாய்ல விட்டு நெம்பித்தான் பிரிச்சேன். உதடு ரெண்டா கிழிஞ்சு நாலு தையல்.

அவன் அதுக்கப்புறம் எட்டு வருஷம் இருந்தான். திருடனைக் கண்டு பயந்ததில்ல, பட்டாசுக்குப் பயந்ததில்ல. கூண்டுல "கீச்"னு சத்தம் கேட்டா மட்டும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவான், ஒண்ணுக்குப் போயிடுவான். அவன் மேல ஒரு குறையும் இல்ல, அவசரப்பட்டது நான்தான். பல் மாறி முடியுற வரைக்கும் உயிர் எலி கிட்டயே காட்டாதீங்க. அது ஏழு மாசம்.

கணியம்பாடி_கொல்லைக்காரன்:
வருத்தமான கதைதான். ஆனா அதுல தப்பு வயசுல இல்ல, எலியில. முக்கால் கிலோ தேறுற பெருச்சாளியை நாலு மாசக் குட்டி முன்னாடி எவன் விடுவான்? சுண்டெலியில இருந்து ஆரம்பிக்கணும். அப்பால வெள்ளெலிக் குஞ்சு, அப்பால பெரிய எலி. படி ஏறுற மாதிரி. நீங்க ஒரே தாவா மாடிக்குத் தாவிட்டு படிக்கட்டே கூடாதுங்கிறீங்க.

பாலாறு_72:
பெருச்சாளி தப்புங்கிறதை ஒத்துக்கிறேன். சுண்டெலியை ஒத்துக்க மாட்டேன். பால்பல் ஊசி மாதிரி இருக்கும், குத்தும், ஆனா பிடிமானம் கிடையாது. டெரியர் எலியைக் கொல்றதே பிடரியைக் கவ்வி ஒரு உதறு உதறித்தான். அந்த உதறலுக்குக் கடைவாயும் கோரைப்பல்லும் வேணும், கழுத்துல சதை வேணும். அது இல்லாதப்ப குட்டி எலியை மென்னுக்கிட்டு நிக்கும், அந்த நேரத்துல எலி திரும்பிக் கடிச்சுடும். சுண்டெலியும் கடிக்கும்ணே.

காட்பாடி_கால்நடை:
நான் கால்நடை மருத்துவமனையில் பணிபுரிகிறவள். வயதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதலில் பல். குட்டிக்குப் பால்பல் 28. ஏறக்குறைய நாலாவது மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கும், கோரைப்பல் ஐந்து, ஆறாவது மாதத்தில். ஏழு மாதத்துக்குள் 42 பற்களும் வந்துவிடும். அதாவது உங்கள் சிட்டுவுக்கு இப்போதுதான் ஈறு வலிக்கத் தொடங்கும் காலம். வலிக்கிற வாயில் எலி கடித்தால் அந்த வலியும் எலியும் அதன் மனதில் ஒன்றாகிவிடும். இதில் பாலாறு சாரோடு ஒத்துப்போகிறேன்.

அடுத்து தடுப்பூசி. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் வருகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும். சிராய்ப்பு வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கு வந்தால் அதன் மூத்திரம் வழியாக உங்களுக்கும் வரலாம். கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள், எல்லாக் கூட்டு ஊசியிலும் அது இருக்காது. முதலில் சில வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும் தவறாமல். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். இவை முடியாத குட்டிக்கு எலி வாடையே வேண்டாம்.

கடைசியாக, நான் அதிகம் பயப்படுவது: அந்தக் குடோனில் எலி மருந்து வைத்திருக்கிறீர்களா?

ஆற்காடு_குடோன்:
ஊசி ரெண்டு தவணையும் போட்டாச்சு அக்கா, எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துதான், அட்டையைப் பார்த்துட்டேன். மருந்து, ஆமா. போன மாசம் வரைக்கும் நீலக் கலர் கேக் வெச்சோம். பக்கத்து குடோன்ல இன்னும் வைக்கிறாங்க.

காட்பாடி_கால்நடை:
அப்படியானால் தம்பி, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். அந்த கேக் பெரும்பாலும் புரோமாடியோலோன். ரத்தம் உறைவதைத் தடுக்கும். அதைத் தின்ற எலி அன்றைக்கே சாகாது. மூன்று, நான்கு நாள் தள்ளாடித் திரியும். ஓட முடியாத எலியைத்தான் கற்றுக்குட்டி நாய் முதலில் பிடிக்கும். ஒன்றிரண்டு எலியில் ஒன்றும் தெரியாமல் போகலாம், தினமும் பிடிக்கிற நாய்க்கு அது சேரும். சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம், மலம் கருப்பாகப் போகும். வைட்டமின் கே 1 கொடுத்துக் காப்பாற்றலாம், ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

கருப்புத் தூளாக விற்கிற துத்தநாகப் பாஸ்பைடு இன்னும் மோசம். வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயு கிளம்பும். அதைத் தின்ற நாய்க்குப் பால் கொடுக்கிறேன், சோறு கொடுக்கிறேன் என்று உட்காராதீர்கள், அமிலம் இன்னும் சுரக்கும். வெறும் வயிற்றோடு தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், வண்டிக் கண்ணாடியைத் திறந்து வையுங்கள். போன வருடம் ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். வீட்டில் அரை லிட்டர் பால் புகட்டிவிட்டு வந்திருந்தார். அவர் அன்பில் குறையில்லை. நாய் மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே போய்விட்டது.

மருந்தும் நாயும் ஒரே குடோனில் கூடாது. பக்கத்துக்காரரிடம் பேசி நிறுத்துங்கள். கடைசி கேக் எடுத்த நாளிலிருந்து ஒன்றிரண்டு மாதம் போகட்டும்.

சத்துவாச்சாரி_வாசகி:
எனக்கு நாய் வளர்ப்பு தெரியாது. மூடிய அறையில் எலியைத் திறந்து விடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லண்டனில் இதையே பந்தயமாக நடத்தினார்கள். 1823-இல் பில்லி என்ற நாய் ஐந்தரை நிமிடத்தில் 100 எலிகளைக் கொன்றதாகப் பதிவு இருக்கிறது, சுற்றி நின்று காசு கட்டியிருக்கிறார்கள். கேளிக்கைக்காக ஒரு விலங்கை அடைத்து இன்னொன்றுக்கு இரையாக விடுவதை நம் நாட்டு 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. குடோனில் நாயே தேடிப் பிடிப்பது வேறு. தப்பிக்க வழியில்லாத இடத்தில் போட்டுப் பழக்குவது வேறு.

கணியம்பாடி_கொல்லைக்காரன்:
அம்மா, நாங்க கேளிக்கைக்குச் செய்யல. ஒரு மூட்டை மல்லாட்டை விதை என்ன விலை விக்குதுன்னு கொல்லைக்காரனுக்குத்தான் தெரியும். ஆனா அடைச்சு வெச்சு விடுறதுல எனக்கும் இஷ்டமில்ல. நான் சொன்னது திறந்த கொல்லையில, பெரிய நாய் பக்கத்துல நிக்க. பெரிய நாய் பிடிக்கும், குட்டி பார்க்கும். அதுக்கு மூணு மாசம் போதும். இதுல என்ன தப்புன்னு யாராவது சொல்லுங்க.

காவேரிப்பாக்கம்_வங்கு:
நான் சொல்றேண்ணா. நாங்க இருளருங்க. ஏரிக்கரையைச் சுத்தி எந்தக் கயினியில எலி விழுந்தாலும் எங்களைத்தான் கூப்புடுவாங்க. எங்க தாத்தா, அப்பா, நான், மூணு தலைமொறை.

கொல்லையில பார்க்கட்டும், அது சரி. வங்குகிட்ட, அதான் எலி வளைகிட்ட, மட்டும் குட்டியை வுடாதீங்க. வரப்புல ஒரு வங்கு இருந்தா அதுல எலி கீதா, நண்டு கீதா, பாம்பு கீதான்னு மொதல்ல பார்க்கணும். வாசல்ல புது மண்ணு குமிஞ்சிருந்தா எலி. சிலந்தி வலை கட்டியிருந்தா காலி. மண்ணு குமியாம வாசல் வழவழன்னு தேய்ஞ்சிருந்தா கையை வைக்க மாட்டோம். எலியைத் தின்ன வந்த நல்லபாம்பு அதே வங்குல படுத்துக்கும். பாம்பு பிடிக்கிறதுக்காக 2023-ல பத்மஸ்ரீ வாங்குன வடிவேல் கோபாலும் மாசி சடையனும் எங்க சனந்தான். பாம்பு தெரிஞ்ச சனம் நாங்களே பார்த்துப் பார்த்துதான் வெட்டுறோம்.

நாங்க பானையில வைக்கோலைத் திணிச்சு நெருப்பு வெச்சு, பானை வாயை வங்கு வாசல்ல அழுத்தி, அடியில இருக்குற ஓட்டையில ஊதுவோம். பொகை எந்தப் பக்கம் வருதோ அந்த வாசல்ல நாய் நிக்கும். எங்க நாய் ஒருநாளும் உள்ள மூக்கை வுடாது. வெளிய வர்றதைப் பிடிக்கும், அவ்ளோதான். அதுக்கு ரெண்டு மாசத்துலேர்ந்தே பழக்குறோம். எலிக்கில்ல, பேச்சைக் கேக்குறதுக்கு. "நில்லு"ன்னா நிக்கணும், "வா"ன்னா கவ்வுனதைப் போட்டுட்டு வரணும். அது வந்தப்பறந்தான் எலி. வயசு எங்க கணக்குல இல்ல.

பாலாறு_72:
இதுல டெரியருக்குன்னு தனியா ஒரு ஆபத்து இருக்கு. நாட்டு நாய் வங்கு வாசல்ல நிக்கும், சரி. ஜாக் ரஸ்ஸலை இங்கிலாந்துல டெவன் பக்கம் ஜான் ரஸ்ஸல்னு ஒரு பாதிரியார் நரி வேட்டைக்காக உருவாக்கினார். 1819-ல டிரம்ப்னு ஒரு பெட்டை டெரியரை வாங்கினதுல இருந்து ஆரம்பிச்ச வம்சம். நரி வளைக்குள்ள இறங்கிக் குரைச்சு நரியை வெளிய விரட்டுறதுதான் அதோட வேலை. சொல்லிக் குடுக்காமலே துளைக்குள்ள தலையைவிடும். இங்கிலாந்துல விஷப் பாம்பு ஒரே ஒரு ஜாதிதான். நம்ம வரப்புல நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், கல்லுக்குள்ள சுருட்டை விரியன். அங்க சாமர்த்தியம்னு 200 வருஷமா வளர்த்த குணம் இங்க உயிரை வாங்கும். குடோன் சுவர்ப் பொந்தும் அப்படித்தான்.

கணியம்பாடி_கொல்லைக்காரன்:
இதை நான் யோசிக்கல. எங்க நாய்ங்க எல்லாம் நாட்டு நாய். சரி தம்பி, பொந்தையெல்லாம் முதல்ல கல்லும் சிமெண்டும் போட்டு அடை, நாய் அப்புறம். ஆனா ஏழு மாசம் வரைக்கும் ஒண்ணுமே கூடாதுங்கிறதை ஒத்துக்க மாட்டேன். மூணரை மாசத்துல மூக்குக்கு வேலை குடுக்கலேன்னா அந்தப் புத்தி மழுங்கிடும்.

காவேரிப்பாக்கம்_வங்கு:
மூக்குக்கு எலி எதுக்குண்ணா? கூண்டுல எலி படுத்த வைக்கோலை ஒரு கோணித் துணியில கட்டி ஒளிச்சு வை. தேடி எடுத்தா ஒரு துண்டு கருவாடு. எங்க பசங்க குட்டிங்களோட வெளையாடுறதே இதான்.

காட்பாடி_கால்நடை:
எலி படுத்த வைக்கோலில் எலி மூத்திரம் இருக்கும் ஐயா. இரண்டு தவணை முடிந்த குட்டி என்பதால் சம்மதிக்கிறேன். துணியை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு, ஈரம் இல்லாமல். கட்டுகிற ஆள் கையுறை போட்டுக்கொள்ளட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். கருவாடு வேண்டாம், உப்பு. அவித்த கோழி போதும்.

ஆற்காடு_குடோன்:
அந்தக் கூண்டு எலியைச் சிட்டு கண்ணுல காட்டவே இல்ல. மாமா ரெண்டு நாளா பேசல. பக்கத்து குடோன்காரர்கிட்ட போய்ப் பேசினேன். முதல்ல முறைச்சார், அப்புறம் "நாய் எனக்கும் சேர்த்துப் பிடிக்கும்னா கேக்கை எடுத்துடறேன்"னார். பொந்து 14 அடைச்சாச்சு. துணி விளையாட்டு இன்னைக்கு ஆரம்பம்.

(நாலு மாசம் கழித்து)

ஆற்காடு_குடோன்:
எல்லாரும் கேட்டீங்க. கத்திரி வெயில் முடியட்டும்னு இருந்தேன், பகல்ல குடோன் தகரத்துக்கு அடியில மனுஷனே நிக்க முடியல. இன்னைக்குக் காலையில அஞ்சு மணி. சிட்டுவுக்கு ஏழரை மாசம், கோரைப்பல் நாலும் முழுசா வந்தாச்சு. பின்வரிசை மூட்டையை நகர்த்தினோம். துணியைத் தேடுற மாதிரியே மூக்கைத் தரையோட தேய்ச்சுக்கிட்டுப் போனான், ஒரு இடத்துல நின்னான், வால் மட்டும் விறைப்பா நடுங்குது. எலி வெளிய பாய்ஞ்சது. நடுத்தர சைஸ், வீட்டெலி. சத்தமே இல்ல. பிடரியில ஒரு கவ்வு, ரெண்டு உதறு. "வா"ன்னேன். ஒரு நொடி யோசிச்சான். போட்டுட்டு வந்தான்.

மாமா பார்த்துக்கிட்டு நின்னார். அவனைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டார்.

கணியம்பாடி_கொல்லைக்காரன்:
சந்தோஷம் தம்பி. துணியில மூணரை மாசத்துல ஆரம்பிச்சதாலதான் இன்னைக்கு நின்னான், அதை மறக்காதே. பெருச்சாளி இருக்கு இன்னும். அதுக்கு ஒரு வயசு ஆகட்டும், இதை நானே சொல்றேன்.

பாலாறு_72:
உதட்டைப் புரட்டிப் பார்த்தியா? முடிக்குள்ள சின்னக் கடி மறைஞ்சிருக்கும்.

ஆற்காடு_குடோன்:
பார்த்தேன் அண்ணே. கீழ் உதட்டுல ஒரு கீறல். உப்புத் தண்ணியில கழுவிட்டு, இப்ப அக்காவோட ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பிக்கிட்டிருக்கேன்.

காட்பாடி_கால்நடை:
தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள்.