2014 ஆஃப் சீசன்: ரீவிஸுக்கும் பிரவுனருக்கும் கொட்டிய காசு வீணாமே!

பாஸ்டன்பழனி:
நேற்று ராத்திரி இன்னொரு அமெரிக்க ஃபுட்பால் திரியில் "ஏழாம்சுற்று" எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அவர் எழுதியது: "2014-ல் பேட்ரியாட்ஸ் அணி வயசான கார்னர்பேக்குகளுக்குக் கொட்டின பணம் வீண். கோப்பை வாங்கித் தந்தது டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில்) யாருமே எடுக்காத மால்கம் பட்லர்."

தம்பி, நம் செகண்டரி, அதாவது எதிரணி ரிசீவர்களுக்கு வரும் பந்தைத் தடுக்கும் கார்னர்பேக்குகள் அடங்கிய பின்வரிசை, எந்த நிலையில் இருந்தது என்று தெரியுமா? 2013 ஜனவரியில் பால்டிமோரிடம் 28-13 தோல்வி. முதல் குவார்ட்டரிலேயே நம் கார்னர்பேக் அகீப் டாலிப் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த ஜனவரியில் டென்வரில் 26-16. அதே டாலிப், டென்வர் ரிசீவர் வெஸ் வெல்கர் வந்து மோதியதில் மறுபடியும் வெளியே. டென்வர் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) பேய்டன் மேனிங் 400 யார்டு வீசினார். ஒருத்தர் நொண்டியதும், கால் பிடுங்கின பந்தல் மாதிரி மொத்தமும் சரிந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து இதே கதை.

மார்ச்சில் டாலிப் டென்வருக்கே போய்விட்டார். டாம்பா பே அணி தன் கார்னர்பேக் டாரெல் ரீவிஸை விடுவித்தது, அன்றைக்கே நம்மாட்கள் ஒரு வருஷத்துக்கு 12 மில்லியன் டாலர் பேசி முடித்தார்கள். அப்புறம் சியாட்டிலிலிருந்து பிராண்டன் பிரவுனர், ஆறடி நாலங்குலம். இவர்கள் இல்லாமல் கோப்பையா?

49-வது சூப்பர் பௌல் இறுதிப்போட்டி, சியாட்டிலுக்கு எதிராக. பந்து அவர்கள் கையில், நம் எல்லைக்கு ஒரு யார்டு, ஆட்டம் முடிய 26 செகண்ட். வலது பக்கம் அவர்களுடைய இரண்டு ரிசீவர்கள், ஜெர்மெய்ன் கர்ஸ் முன்னால், ரிக்கார்டோ லாக்கெட் பின்னால். கர்ஸின் வேலை பட்லர் வரும் வழியை அடைப்பது. ஸ்னாப் (பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆனதும் பிரவுனர் இரண்டு கையையும் கர்ஸ் நெஞ்சில் வைத்து நின்ற இடத்திலேயே நிறுத்துகிறார். வழி திறக்கிறது, பையன் ஓடி வந்து லாக்கெட்டுக்கு வீசிய பந்தைப் பிடிக்கிறான். அந்த இரண்டு கை இல்லையென்றால் பட்லர் கர்ஸ் முதுகில் முட்டிக்கொண்டு நின்றிருப்பான்.

ஏழாம்சுற்று:
பழனி அண்ணே, நீங்களே எழுதினதை ஒரு தடவை படிங்க. பிரவுனர் "நிறுத்துகிறார்". பட்லர் "பிடிக்கிறான்". மில்லியன் வாங்கினா "ஆர்", சும்மா வந்தா "ஆன்". உங்க வாதமே இதுல முடிஞ்சுது.

பட்லர் விக்ஸ்பர்க்ல பிறந்தவர். காலேஜ்ல இருந்து வெளியே போட்டாங்க, ஃப்ரைடு சிக்கன் கடையில வேலை பார்த்தார், அப்புறம் வெஸ்ட் அலபாமால போய் ஆடினார். ஏழு சுற்று டிராஃப்ட்ல 32 டீமும் அவரை எடுக்கல. ட்ரையவுட்டுக்கு, அதான் சோதனை ஆட்டத்துக்கு, வந்துதான் இடம் பிடிச்சார். அந்த வாரம் பிராக்டிஸ்ல இதே ப்ளேயில பந்தை விட்டார். அதை மனசுல வச்சுக்கிட்டுதான் லாக்கெட்டைப் பார்த்ததும் பாய்ஞ்சார். நெஞ்சுல கை வைக்க ஆயிரம் பேர் இருக்காங்க. அந்தப் பந்துக்கு முன்னாடி போய் நிக்க ஒருத்தர்தான் இருந்தார்.

12 மில்லியன் ரீவிஸ் அந்த நேரத்துல எங்க இருந்தார்? மறுபக்கம் சியாட்டில் ரிசீவர் டக் பால்ட்வினைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

பாஸ்டன்பழனி:
மறுபக்கம் நின்றார் என்றால் சும்மா நின்றாரா? சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சன் அந்தப் பக்கம் வீச முடியாதபடி நின்றார். கார்னர்பேக்கின் வேலையே அதுதான். பந்து வராத பக்கத்துக்கும் கூலி உண்டு.

பிரவுனரை "ஆயிரம் பேரில் ஒருத்தர்" என்பது உங்கள் அறியாமை. அவர் மூன்று வருஷம் சியாட்டிலில் அதே ரிசீவர்களோடு தினமும் பிராக்டிஸ் பண்ணினவர். அந்த அடுக்கு நிற்பதைப் பார்த்ததும் ஸ்னாப்புக்கு முன்னால் பட்லரிடம் கைகாட்டிச் சொல்கிறார், முன்னால் நிற்பவன் எனக்கு, பின்னால் நிற்பவன் உனக்கு என்று. முதல் வருஷ ரூக்கிக்கு அது தெரிந்திருக்குமா? அனுபவத்துக்குத்தான் சம்பளம். இரண்டு கை, தம்பி, இரண்டு கை.

"ஆர்", "ஆன்" எல்லாம் வயசுக்குத் தரும் மரியாதை. எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுவோம்.

வித்யா_சியாட்டில்:
நாங்க வளர்த்த ஆளை வச்சு எங்களையே அடிச்சுட்டு, அதை "ஆஃப் சீசன் புத்திசாலித்தனம்"னு திரி போட்டு கொண்டாடுறீங்க. பிரவுனர் கனடாவுல கால்கரிக்கு ஆடிக்கிட்டிருந்தார். 2011-ல கூட்டிட்டு வந்தது சியாட்டில். அவருக்கு பிரஸ் கவரேஜ்ல, அதாவது ரிசீவரை ஒட்டி நின்னு தடுக்கறப்போ, கை எங்க வைக்கணும்னு சொல்லிக் கொடுத்தது அப்போ எங்க கோச்சா இருந்த பீட் கேரல். அந்த ரெண்டு கையும் எங்க கைதான் பழனி சார்.

இன்னொண்ணு. பந்தோட ஓடுற எங்க ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்ச் கையில பந்தைக் கொடுத்திருந்தா இந்தத் திரியே கிடையாது. ஒரு யார்டு. லிஞ்ச். எத்தனை வருஷமானாலும் எனக்கு வயிறு எரியுது.

பாஸ்டன்பழனி:
வித்யாக்கா, லிஞ்சுக்கு அதற்கு முந்தின ப்ளேயில் கொடுத்தார்களே! நம்மாள் டான்ட்டா ஹைடவர் காலைப் பிடித்து ஒரு யார்டு கோட்டில் சாய்த்தார். மறுபடி கொடுத்திருந்தால் டச்டவுன் (எல்லையைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) என்று எழுதி வைத்திருக்கிறதா?

வளர்த்தது நீங்கள்தான். ஆனால் அவரை விட்டதும் நீங்கள்தான். விட்ட மாட்டின் பாலுக்குக் கணக்குக் கேட்கக் கூடாது.

வித்யா_சியாட்டில்:
உங்க "அனுபவமுள்ள வெட்டரன் செகண்டரி" அன்னிக்கு ஆடின லட்சணத்தையும் சொல்லுங்க. எங்க ரிசீவர் கிறிஸ் மேத்யூஸ், அதுக்கு முன்னாடி என்எஃப்எல் லீக்ல ஒரு பந்துகூட பிடிக்காதவர், 109 யார்டு எடுத்தார். உங்க அனுபவசாலி கார்னர் கைல் ஆரிங்டன் தலைக்கு மேல எக்கி எக்கிப் பிடிச்சார். மூணாவது குவார்ட்டர்ல பால்ட்வின் டச்டவுன் போட்டது யார் மேல? ரீவிஸ் மேல. 24-14 நாங்க முன்னாடி.

பாஸ்டன்பழனி:
பால்ட்வின் டச்டவுனில் ரீவிஸ் நடுவர் மேல் மோதி நின்றதை உலகமே பார்த்தது. நடுவரைத் தாண்டிப் பிடிக்க எந்தக் கார்னர்பேக்காலும் முடியாது. மேத்யூஸை அடக்கியது யார்? இரண்டாம் பாதியில் பிரவுனரை அவன் மேல் விட்ட பிறகுதான் அவன் அடங்கினான். மறுபடியும் பிரவுனர்! நான் சொல்லச் சொல்ல நீங்களே என் பக்கம் சாட்சி கொண்டுவருகிறீர்கள்.

ஏழாம்சுற்று:
ஆரிங்டனை உட்கார வச்சுட்டு அவர் இடத்துல யாரை இறக்கினாங்க? பட்லரை! அதைச் சொல்ல மட்டும் வாய் வரமாட்டேங்குது.

மூணாவது_டவுன்:
ஒரு சந்தேகம். "வெட்டரன்"னா எத்தனை சீசன் ஆடியிருக்கணும்? ரீவிஸுக்கு அப்போ 28, 29. கைல் ஆரிங்டனும் அதே கணக்கா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசலாமே.

ஜெட்ஸ்கண்ணன்:
வெட்டரன் கார்னரை நம்பினா என்ன ஆகும்னு எங்க ஜெட்ஸ் ரசிகர்கள்கிட்ட கேளுங்க. 2015 ஆஃப் சீசன்ல நாங்களும் இதையேதான் பண்ணினோம். ரீவிஸைத் திரும்பக் கூட்டிட்டு வந்தோம், 5 வருஷம், 70 மில்லியன். கூடவே அன்டோனியோ க்ரோமார்ட்டி, பஸ்டர் ஸ்க்ரைன்னு ரெண்டு கார்னர். 10 வெற்றி, 6 தோல்வி வந்தோம். கடைசி வாரம் பஃபலோகிட்ட தோத்து ப்ளேஆஃப் போச்சு. அடுத்த வருஷம் 5-11. ரிசீவர் ரீவிஸைத் தாண்டி ஓடுறதை நான் மெட்லைஃப் ஸ்டேடியத்துல குளிர்ல நின்னு பார்த்தேன். பதினஞ்சு கெஜம் பின்னாடி தடுமாறி ஓடி வர்றார். ரிசீவர் அவர்கிட்ட தனியா மாட்டிக்கிறதால "ரீவிஸ் தீவு"ன்னு ஒரு காலத்துல கத்தின தொண்டை இது. அன்னிக்கு வீட்டுக்குப் போற ரயில்ல யாரும் பேசல.

பாஸ்டன்பழனி:
கண்ணன், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தப்பு ரீவிஸ் மேல் இல்லை. நாங்கள் ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்தோம். நீங்கள் பட்டா போட்டு வாங்கினீர்கள். வயசான கார்னரை எடுப்பதில் சூட்சுமமே அதுதான். போதாக்குறைக்கு ரீவிஸ் எங்கள் ஆளாக இருந்தபோதே உங்கள் முதலாளி "ரீவிஸ் திரும்பி வந்தால் நல்லது" என்று வெளிப்படையாகப் பேசி, உங்கள் டீம் லீகிடம் ஒரு லட்சம் டாலர் அபராதமும் கட்டியது.

ஜெட்ஸ்கண்ணன்:
அபராதத்தைப் பத்தி பேட்ரியாட்ஸ் ஆள் பேசறதா? உங்க டீம் பந்துல காத்தை இறக்கினதா வந்த கேஸை எல்லாம் மறந்துட்டீங்களா?

பாஸ்டன்பழனி:
அதை இங்கே இழுக்காதீர்கள். அதற்குத் தனித் திரி இருக்கிறது, அங்கே நான் 40 பதிவு போட்டிருக்கிறேன்.

மைல்ஹை_மணி:
நீங்க விட்ட டாலிப்பை வச்சு டென்வர் நாங்க 50-வது சூப்பர் பௌல் ஜெயிச்சோம். அதுக்கு முந்தின, உங்களோட ஆடின ஆட்டம் ஞாபகம் இருக்கா? 2016 ஜனவரி, 20-18, கடைசி 12 செகண்ட். டச்டவுனுக்கு அப்புறம் சமன் பண்ண நீங்க எடுத்த ரெண்டு பாயின்ட் முயற்சியில உங்க குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ரிசீவர் எடல்மனுக்கு வீசின பந்து டாலிப் கை பட்டு மேல எழும்புச்சு, ரூக்கி ஒப்பந்தத்துல இருந்த பிராட்லி ரோபி பிடிச்சார். பெரியவர் தட்டினார், சின்னவர் பிடிச்சார். நாங்க ரெண்டு பேரையும் கும்பிடுறோம். இதுல என்ன சண்டை?

பாஸ்டன்பழனி:
எங்கள் உதைப்பாளர் கோஸ்ட்கவ்ஸ்கி அந்த ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட்டை விடாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு பாயின்ட் முயற்சியே தேவைப்பட்டிருக்காது. அதை விடுங்கள். டாலிப் தட்டியதால்தான் ரோபி பிடித்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிரவுனர் நிறுத்தியதால்தான் பட்லர் பிடித்தான் என்று நான் சொன்னால் மட்டும் ஏன் எரிகிறது?

ஏழாம்சுற்று:
எங்களுக்கு எரியறது வேற. 2018 பிப்ரவரி 4, மினியாபோலிஸ், 52-வது சூப்பர் பௌல். அதே பட்லரை டிஃபென்ஸ்ல ஒரு ஸ்னாப்கூட ஆடவிடாம சைட்லைன்ல நிக்க வச்சாங்க. தேசிய கீதத்தப்போ அவர் கண்ணு கலங்கினது டிவியில தெரிஞ்சுது. அன்னிக்கு எதிரணி பிலடெல்பியா குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் 373 யார்டு, 41-33 தோல்வி. 65 மில்லியனுக்கு வாங்கின கார்னர் கில்மோர் இருந்தாரே, என்ன ஆச்சு? கோப்பை வாங்கிக் கொடுத்தவனுக்கு இந்த டீம் காட்டின நன்றி அது. அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். அதனாலதான் பிரவுனர் கை, பிரவுனர் கைன்னு யாராவது ஆரம்பிச்சா பத்திக்கிட்டு வருது.

பாஸ்டன்பழனி:
அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் நெஞ்சில் முள்தான். ஆனால் பேச்சை மாற்றாதீர்கள். அடுத்த வருஷமே 53-வது சூப்பர் பௌலில் எதிரணி ரிசீவர் பிராண்டின் குக்ஸ் எண்ட் ஸோனில் (புள்ளி எல்லைக்குள்) தனியாக நின்றபோது மைதானத்தின் பாதியிலிருந்து ஓடி வந்து பந்தைத் தட்டிவிட்டது யார்? ஜேசன் மெக்கார்ட்டி, 31 வயசு, அந்த ஆஃப் சீசனில் கிளீவ்லாந்திலிருந்து வாங்கியவர். கடைசியில் பந்தைப் பிடித்து ஆட்டத்தை முடித்தது கில்மோர். அதுவும் வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கின கார்னர்.

ஏழாம்சுற்று:
கில்மோர் வரும்போது 26 வயசு. அவரும் வயசானவர் கணக்கா?

மூணாவது_டவுன்:
அதைத்தான் நானும் கேட்டேன்.

பாஸ்டன்பழனி:
வயசு எத்தனையாக இருந்தாலும் சரி. கர்ஸ் நெஞ்சில் இரண்டு கை. ஒரு அடி நகரவில்லை. அதற்குப் பதில் இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஏழாம்சுற்று:
அதே பிரவுனரை பேட்ரியாட்ஸே அடுத்த மார்ச்சில விட்டாச்சு. நியூ ஆர்லியன்ஸ் போய் 2015-ல ஒரே சீசன்ல 20-க்கு மேல கொடி (விதிமீறல் அபராதம்) வாங்கினார். பாதி கொடி அதே ரெண்டு கைக்குத்தான்.

பாஸ்டன்பழனி:
நியூ ஆர்லியன்ஸ் கொடியை நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இது ஐந்து யார்டுக்குள் வைத்த கை, விதிப்படி சுத்தம், கொடியே விழவில்லை. வீடியோவை 26 செகண்டில் நிறுத்துங்கள். கர்ஸின் குதிகாலைப் பாருங்கள், கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது?

ஏழாம்சுற்று:
நிறுத்திட்டேன். இப்ப நீங்க பட்லரோட முதல் அடியைப் பாருங்க. பிரவுனர் கை கர்ஸைத் தொடுறதுக்கு முன்னாடியே அவர் கிளம்பிட்டார்.

பாஸ்டன்பழனி:
இல்லை. தொட்ட பிறகுதான்.

ஏழாம்சுற்று:
முன்னாடி.

வித்யா_சியாட்டில்:
லிஞ்ச் பின்னாடி சும்மா நிக்கிறார், அதையும் பாருங்க.

பாஸ்டன்பழனி:
தொட்ட பிறகுதான். என்னிடம் எண்ட் ஸோனிலிருந்து எடுத்த கோணம் இருக்கிறது. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து ஒவ்வொரு ஃப்ரேமாகப் போடுகிறேன், யாரும் திரியைப் பூட்டிவிடாதீர்கள்.