14 மாசம், 8.1 கிலோ... பாப்பா வெயிட் கம்மியா?

பாப்பாக்கு 14 மாசம், பொறந்தப்ப 2.6 கிலோ, இப்ப 8.1 தான். பக்கத்து வீட்டு பையன் இவளைவிட ஒரு மாசம் சின்னவன், 11 கிலோ இருக்கான், பார்க்கிறவங்க எல்லாம் "புள்ளைக்கு சோறு போடுறியா இல்லையா"ன்னு கேக்குறாங்க, அத்தையும் தினம் அதையேதான் சொல்றாங்க. இட்லி ஊட்டினா நாலு வாய் வாங்கிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கிறா. சரி பாலாவது குடிக்கட்டும்னு ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு 200 மில்லி குடுக்குறேன். வெயிட் ஏற பவுடர் ஏதாவது குடுக்கலாமா? ராத்திரி தூக்கமே வரல.

பதில் 1:
பவுடர் அப்புறம், முதல்ல முந்தின வெயிட் எல்லாம் சொல்லுங்க. தடுப்பூசி அட்டையில எழுதியிருப்பாங்க பாருங்க.

கேட்டவர்:
9வது மாசம் 7.1, ஒரு வயசுல 7.7. உயரம் இப்ப 74 செ.மீ.

பதில் 2:
நான் அங்கன்வாடில வேலை பார்க்கிறேன்மா. நாங்க பார்க்கிறது உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட சார்ட், அதுல 14 மாச பொண்ணுக்கு நடுக்கோடு 9.4 கிலோ, 7.4க்கு கீழ போனாதான் எடைக்குறைவுன்னு எழுதுவோம். உங்க பாப்பா ரெண்டுக்கும் நடுவுல, சின்னதா பொறந்தவ, ஒரு வயசுல பொறந்த எடையில மூணு மடங்கு கிட்ட வந்துட்டா, மூணு புள்ளியையும் சேர்த்து கோடு போட்டா ஒரே சீரா மேல போகுது. எங்களுக்கு பயம் வர்றது கோடு படுத்துட்டாலோ கீழ இறங்கினாலோதான். ஒரு வயசுக்கு மேல எடை மெதுவாதான் ஏறும், பசியும் குறையும், அது எல்லா புள்ளைக்கும் நடக்கிறது. பக்கத்து வீட்டு பையனுக்கு வேற சார்ட், அவனோட ஒப்பிடவே வேண்டாம்மா. வாயை மூடினா விட்டுடுங்க, அழ வெச்சு திணிக்காதீங்க.

பதில் 3:
அக்கா அந்த பால்தான் இடிக்குது. 800 மில்லி குடிச்சா வயித்துல இட்லிக்கு எங்க இடம்? என் பையனுக்கும் இப்படியே பாலா குடுத்துட்டு இருந்தேன், முகம் வெளுத்து எப்பவும் சோர்வாவே இருந்தான், டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 8.6, பால்ல இரும்புச்சத்து ரொம்ப கம்மின்னு அப்பதான் டாக்டர் சொன்னாங்க. 500 மில்லிக்கு மேல வேண்டாம்னாங்க. குறைச்சதும் முதல் ரெண்டு நாள் ஒரே அழுகை, அப்புறம் அவனே தட்டுல கைய விட்டு பருப்பு சாதம் அள்ள ஆரம்பிச்சான். முட்டை, கீரை, நெய் விட்ட சாதம் குடுத்து பாருங்க. ஒருதடவை உங்க டாக்டர்கிட்ட ரத்தம் டெஸ்ட் பத்தியும் கேட்டுடுங்க.

பதில் 2:
ஆமா, பாலை குறைங்க. அடுத்த மாசம் எடை போடும்போது அதே மெஷின்லயே போடுங்க, டயப்பரை கழட்டிட்டு, நல்லா நனைஞ்ச டயப்பரே 200 கிராமுக்கு மேல காட்டலாம்.