ஒரே கொட்டகை, ஒரே இருமல், கிருமி மட்டும் வேறு

செங்குன்றம், மாடு வளர்ப்பவர்:
ஈரோடு சந்தையில் பிடித்த கலப்பினக் கன்றுகள். லாரியில் வந்த அலுப்பு ஒரு பக்கம், ஐப்பசி மழை ஒரு பக்கம். இறக்கிய வாரமே இருமல் ஆரம்பித்துவிட்டது. கெட்டிச் சளி, காய்ச்சல், கழுத்தை நீட்டிக்கொண்டு வாயால் மூச்சு. ஊசி போடுகிறவர் வழக்கமான ஆக்ஸிடெட்ராசைக்ளினை (கிருமியைக் கொல்லும் டெட்ராசைக்ளின் வகை மருந்து) போட்டார். சில கன்றுகள் எழுந்து தீனி எடுத்தன, சில தலையே தூக்கவில்லை. அவர் அடுத்த மருந்தை உறிஞ்ச ஆரம்பித்ததும், "இருங்கண்ணே" என்று தடுத்துவிட்டு, கன்றுகளைக் குட்டி யானையில் ஏற்றி வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "இன்னும் ஊசி போடாத கன்னு ஏதாவது இருக்கா?" அதன் மூக்குக்குள் நீளமான பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றிச் சளி எடுத்தார். படுத்துக் கிடந்ததிலும் எடுத்தார். ரிசல்ட்டில் ஒன்றில் பாஸ்டுரெல்லா, இன்னொன்றில் மன்ஹீமியா. இரண்டுமே நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா. பாஸ்டுரெல்லாவுக்கு டெட்ராசைக்ளின் கேட்டது, மன்ஹீமியாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் புரியாதது ஒன்று: எல்லாக் கன்றுக்கும் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டிருந்தேனே, பிறகு எப்படிப் பாஸ்டுரெல்லா வந்தது?

மாதவரம், ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்:
அண்ணே, பெயர் ஒன்றுதான், வகை வேறு. நம் ஊர்த் தொண்டை அடைப்பானுக்குக் காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடாவின் பி:2 வகை, தடுப்பூசியும் அதற்குத்தான். கன்றுகளின் நிமோனியாவில் பெரும்பாலும் கிடைப்பது ஏ வகை. அந்த ஊசியை நம்பி இதற்கு நிம்மதியாக இருக்க முடியாது.

கிருமி வளர்க்கும் தட்டில் பார்த்தால் மல்டோசிடாவையும் மன்ஹீமியாவையும் பிரிப்பது சுலபம். மெக்கான்கி என்ற ஊடகம் ஊற்றிய தட்டில் மன்ஹீமியா வளரும், மல்டோசிடா வளராது. ரத்தம் கலந்த அகார் தட்டில் மன்ஹீமியா தன்னைச் சுற்றி ரத்தத்தைக் கரைத்துவிடும். ஆனால் ஒரே இனத்துக்குள் இருக்கும் பேதம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே மாதிரி வளர்ந்த இரண்டு மாதிரிகளில் மருந்து வில்லை வைத்தால், ஒன்றில் வில்லையைச் சுற்றி அகலமாகத் தெளிந்த வட்டம், இன்னொன்றில் வில்லையின் ஓரம் வரை கிருமி. அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

இதில் என்னை மிரட்டியது அமெரிக்கச் சேதி. 2005இல் நெப்ராஸ்காவில், சுவாச நோய் வந்த மாட்டிலிருந்து எடுத்த மல்டோசிடா ஒன்றில் பல மருந்துகளை எதிர்க்க உதவும் 12 மரபணுக்கள் ஒரே டி.என்.ஏ. துண்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி. 2012இல் அதை விவரமாக வெளியிட்டார்கள். அந்தத் துண்டு ஆய்வகத்தில் மன்ஹீமியாவுக்கும் தாவியது, குடலில் வாழும் ஈ.கோலை கிருமிக்கும் தாவியது. அதாவது டெட்ராசைக்ளினை மட்டும் கண்டபடி போட்டாலும், பிழைத்து நிற்கிற கிருமி மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பையும் சேர்த்தே வைத்திருக்கும். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டு அதை முந்த முடியாது.

பூந்தமல்லி, பால் வியாபாரம்:
எங்கள் கன்றுக்குப் பென்சிலின் போட்டுப் பார்த்தோம், அசையவில்லை. அப்புறம் முழங்காலும் வீங்கியது. சோதித்தால் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற இன்னொரு கிருமி. அதற்குச் செல்சுவரே கிடையாதாம். பென்சிலின் தாக்குவதே செல்சுவரைத்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் "டோஸ் பத்தவில்லை" என்று கூட்டிப் போடச் சொன்னவர்கள்தான் அதிகம்.

செங்குன்றம்:
சரி, இப்போது புரிகிறது. இனி வாங்கிவரும் கன்றுகளைக் கொஞ்ச நாள் தனியாகக் கட்டப்போகிறேன். சளியை நாங்களே எடுத்து அனுப்பலாமா சார்?

மாதவரம்:
டாக்டர் எடுப்பதுதான் நல்லது. மூக்கின் வாசலில் ஒட்டியிருப்பதைத் துடைத்து எடுத்தால் சாணத்துக் கிருமிதான் வளரும். குச்சி உள்ளே ஆழமாகப் போகணும். முதல் ஊசிக்கு முன்னாலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். குச்சியை உலரவிடாமல், அதற்கான குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவந்து சேருங்கள். எந்தத் தேதியில் என்ன மருந்து போட்டீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அதை எழுதுவதே இல்லை.