128 எம்பி கிராபிக்ஸ்: பட்ஜெட் லேப்டாப் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

திருச்சி, லேப்டாப் சர்வீஸ் கடை

"அண்ணே, இதுல கிராபிக்ஸ் மெமரி வெறும் 128 எம்பின்னு காட்டுது. ஏத்தித் தர முடியுமா?" இந்தக் கேள்வி என் மேசைக்கு வராத வாரம் கிடையாது. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பசங்க. வீட்டில் கடன் உடன் பட்டு வாங்கிக் கொடுத்த லேப்டாப். ஆசைப்பட்ட விளையாட்டின் தேவைப் பட்டியலில் 1 ஜிபி வீடியோ மெமரி என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்ததும் முகம் வாடிப்போய் வந்து நிற்பார்கள். வாலரண்ட் விளையாட்டின் பட்டியலிலும் 1 ஜிபிதான். ஆனால் அதே பட்டியலில் குறைந்தபட்ச கிராபிக்ஸ் என்று இன்டெல் எச்டி 4000-ஐப் போட்டிருக்கிறார்கள். அதற்குத் தனி மெமரியே கிடையாது. அந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை.

இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் எச்டி 620, யூஎச்டி 620 மாதிரியான கிராபிக்ஸில் 128 எம்பி என்பது வெறும் முன்பணம். மீதியை வேலை நடக்க நடக்க ராமிலிருந்து டிரைவரே (கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளும். ராமில் ஏறக்குறைய பாதி வரை எடுக்கலாம். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் ஷேர்டு என்று இன்னொரு வரி இருக்கும், 8 ஜிபி லேப்டாப்பில் 3.9 ஜிபி என்று காட்டும். நிஜமான கணக்கு அங்கேதான் இருக்கிறது.

ஒரு பையன் வீடியோ பார்த்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ்' என்று ஒரு மதிப்பைச் சேர்த்து 512 ஆக்கிக்கொண்டு வந்தான். திரையில் 512 எம்பி என்று ஜம்மென்று காட்டியது. "மாறிடுச்சு, ஆனா கேம் இன்னும் விக்குது" என்றான். விக்கத்தான் செய்யும். அந்த மதிப்பு விளையாட்டுக்குச் சொல்லப்படும் எண்ணை மட்டுமே மாற்றுகிறது, ராமில் ஒரு பைட்டுகூட இடம் பெயராது. "போதிய மெமரி இல்லை" என்று சொல்லித் திறக்கவே மறுக்கும் பழைய விளையாட்டு சிலவற்றை ஏமாற்றி உள்ளே நுழைய உதவும், அவ்வளவுதான்.

பின்மூடியைக் கழற்றினேன். 8 ஜிபி ராம் குச்சி ஒன்று, பக்கத்து ஸ்லாட் காலி. நோய் அங்கே இருந்தது. டிடிஆர்4 2400 ராம் ஒற்றையாக இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி தகவல் போய்வரும், ஜோடியாக இருந்தால் 38.4 ஜிபி. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கின்றன. அதே வேகத்தில் இன்னொரு குச்சியைச் செருகினேன், விக்கல் நின்றது. 128 எம்பி அப்படியேதான் இருந்தது, அவன் அதைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை.

ஐரிஸ் எக்ஸ்இ என்று ஸ்டிக்கர் ஒட்டிய 11-ம் தலைமுறை லேப்டாப்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒற்றை ராம் இருக்கும்போது டிவைஸ் மேனேஜரில் பெயர் 'யூஎச்டி கிராபிக்ஸ்' என்று இருக்கும். ஜோடி சேர்த்ததும் 'ஐரிஸ் எக்ஸ்இ' ஆகிவிடும். போலி லேப்டாப்பை விற்றுவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள்கூட உண்டு!

கோவை, பொறியியல் மாணவர்

அண்ணா சொல்றது இன்டெலுக்குச் சரி. ஏஎம்டில கதை வேற. என்னோடது ரைசன் 5 3500யூ, 8 ஜிபி. பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடுற போர்டோட செட்டிங்ஸ்) 'யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல 512 எம்பில இருந்து 2 ஜிபி ஆக்கினேன். இது பொய்க்கணக்கு இல்ல, நிஜமாவே ராம்ல இருந்து வெட்டி எடுத்துக் கொடுத்துடும். ஜிடிஏ 5 கேம் செட்டிங்ஸ்ல மேல ஒரு மெமரி பட்டை இருக்கும்ல, 512ல அது செவந்து போய் டெக்ஸ்சரை (பொருட்களோட மேற்பரப்புப் படத்தோட தரம்) தொடவே விடாது. 'இக்னோர் சஜஸ்டட் லிமிட்ஸ்' போட்டாத்தான் மசியும். 2 ஜிபி கொடுத்ததும் பட்டைல இடம் கிடைச்சுது, டெக்ஸ்சரை ஒரு படி ஏத்த முடிஞ்சுது.

மறுநாள் ப்ராஜெக்ட் வேலைக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திறந்தப்பதான் வலி தெரிஞ்சுது. விண்டோஸ்ல மிச்சம் 5.9 ஜிபிதான். மெமரி பக்கத்துல 'ஹார்டுவேர் ரிசர்வ்டு 2.1 ஜிபி'ன்னு இருக்கு. குரோம், எமுலேட்டர் ரெண்டும் சேர்ந்தா மவுஸ்கூட நகர மாட்டேங்குது. வெட்டிக் கொடுத்தது கொடுத்ததுதான், கேம் ஆடாத நேரத்துலயும் திரும்பி வராது. இப்போ 512லயே விட்டுட்டேன். 16 ஜிபி இருக்கிறவங்க தாராளமா 2 கொடுங்க. 8 வச்சிருக்கிறவங்க யோசிங்க. 4 ஜிபி வச்சிருக்கிறவங்க அந்த மெனு பக்கமே போகாதீங்க ப்ரோ.

தஞ்சாவூர், கல்யாண வீடியோ எடிட்டிங்

எனக்கு விளையாட்டு இல்லை, பிழைப்பு. கேமரா 4கே-வில் எடுக்கிறது, லேப்டாப்பில் ராம் 8 ஜிபி, அதுவும் போர்டோடு பற்றவைத்தது, ஸ்லாட்டே கிடையாது. முகூர்த்த நேரத்துக் காட்சியில் கலர் திருத்தம் இரண்டு அடுக்கு போட்டதுமே 'ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது' என்று வந்து நிற்கும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் மேல் போன்.

மெமரியை ஏற்ற வழியில்லை, அதனால் வேலையைக் குறைத்தேன். டைம்லைனை 1080-க்கு இறக்கினேன். எல்லாக் கோப்புக்கும் இரவே பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் எடை குறைந்த நகல்) போட விட்டுவிட்டுத் தூங்கப் போவேன். படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் எஃபெக்டைக் கடைசி ரெண்டர் வரைக்கும் அணைத்தே வைத்திருப்பேன், மெமரியை அதிகம் தின்பது அதுதான். ரெண்டர் நேரம் நீளும், நீளட்டும். ஆல்பம் டிசைனும் இதே லேப்டாப்பில்தான் ஓடுகிறது, அதில் பெரிய தொந்தரவு இல்லை.

ஒரு சந்தேகம். என் லேப்டாப் பயாஸில் அந்த யூஎம்ஏ ஆப்ஷனே இல்லை. பென்டிரைவில் போட்டு, மறைத்து வைத்த மெனுவைத் திறக்கும் கருவி இருக்கிறதாமே, முயற்சிக்கலாமா?

திருச்சி, லேப்டாப் சர்வீஸ் கடை

வேண்டாம் சார். உங்கள் பிழைப்பே அந்த ஒரு லேப்டாப்பில்தான் ஓடுகிறது. அந்தக் கருவியால் காரியம் சாதித்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மெனுவில் ராம் வேகம், மின்னழுத்தம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றை மாற்றப் போய் இன்னொன்றில் கை பட்டால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். அப்படி என்னிடம் வந்தால் போர்டில் இருக்கும் எட்டுக்கால் பயாஸ் சிப்பைத் தேடி, கிளிப் மாட்டி, புரோகிராமரில் இணைத்துத் திரும்ப எழுத வேண்டும். சில போர்டுகளில் அந்தச் சிப் 1.8 வோல்ட். அதைப் பார்க்காமல் 3.3 வோல்ட்டைக் கொடுத்தால் சிப்பும் போய்விடும். கம்பெனி அந்த ஆப்ஷனை மறைத்ததற்காக எனக்கும் கோபம்தான். விலை குறைவு என்பதற்காக வாங்குபவன் கையைக் கட்டிப்போடுவது என்ன நியாயம்? ஆனாலும் உங்கள் பிராக்ஸி வழிதான் சரி.

கோவைத் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஏஎம்டியில் அது நிஜமான மாற்றம்தான். இப்போது ரைசன் ஏஐ 300 வரிசையிலும் இன்டெல் கோர் அல்ட்ராவிலும் விண்டோஸுக்குள்ளிருந்தே, டிரைவர் மென்பொருளில் இதை மாற்ற வசதி தந்துவிட்டார்கள். என் கடைக்கு வரும் லேப்டாப் எதுவும் அந்த விலையில் இல்லை.

நாமக்கல், பள்ளி ஆசிரியை

நானும் ஒன்று கேட்கலாமா சார்? மகனுக்காக ராம் வாங்கலாம் என்று டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2' என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்: ரோ ஆஃப் சிப்ஸ்' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

திருச்சி, லேப்டாப் சர்வீஸ் கடை

'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் இப்போது இருப்பது போர்டோடு பற்றவைத்த ராம் டீச்சர். இரண்டாவது ஸ்லாட் நிஜமாகவே இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விண்டோஸ் காட்டும் எண்ணிக்கையை மட்டும் நம்பி வாங்கிவிட்டு, செருக இடமில்லாமல் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஸ்லாட் இருந்தால், பற்றவைத்தது எத்தனை ஜிபியோ அதே அளவு வாங்குவது உத்தமம். 4-க்கு 8 போட்டாலும் பாதகமில்லை. இன்டெல் என்றால் முதல் 8 ஜிபி ஜோடியாக ஓடும், மிச்சம் 4 ஒற்றையில் ஓடும். திறக்கும்போது பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றச் சொல்லுங்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகுகளை விட்டுவிட்டு மூடியை நெம்பினால் கொக்கி உடையும்.