கொழும்பை வைத்தே நகரத் தாங்குதிறனைப் படிப்பிப்பது எப்படி? முதுமாணி வகுப்புக்கு யோசனை தேவை

வெள்ளவத்தை விரிவுரையாளர்

வணக்கம். வார இறுதி முதுமாணி வகுப்பொன்றில் "நிலைபேறான, தாங்குதிறன் கொண்ட நகரங்கள்" என்ற பாடம் எடுக்கிறேன். தாங்குதிறன் என்றால் வெள்ளம் போன்ற அடியைத் தாங்கி மீண்டெழும் ஆற்றல். மாணவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், கட்டடக் கலைஞர், வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர் என்று கலவையான வகுப்பு.

ரொட்டர்டாமில் மழைநீரைத் தேக்கும் சதுக்கத்தைப் பற்றிக் கேட்டால் படம் கீறி விளக்குவார்கள். 2016 மே மாதம் கொலன்னாவை ஏன் மூழ்கியது என்று கேட்டால் இரண்டே பதில்தான் வருகிறது: "சனம் கானுக்குள் குப்பை போடுது", "கால்வாய்க் கரையில் அனுமதி இல்லாமல் வீடு கட்டியிருக்கு". இந்தப் பதில்களைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. நாளைக்கு அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப் போகிறவர்கள் இவர்கள்தான்.

சதுப்பு நிலத்தை நிரப்பியது ஏழைகள் மட்டும் இல்லையே. திட்டம் போட்டு, வரைபடம் கீறி, முறைப்படி அனுமதி எடுத்து நிரப்பிய இடங்கள் நகரைச் சுற்றி நிறைய இருக்கின்றன. 1982இல் திறந்த பாராளுமன்றமே தியவன்னாச் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவில் கட்டியது. 2010 நவம்பர் மழையில் அங்கேயும் வெள்ளம் வந்தது. இன்னொரு பக்கம், ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று 2018இல் முதன்முதலாக அங்கீகாரம் கிடைத்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தச் செய்தி என் மாணவர்களுக்குத் தெரியும். கோட்டேயில் இருக்கும் பெத்தகானச் சதுப்பு ஒரு மழை இரவில் என்ன வேலை செய்கிறது என்றுதான் தெரியவில்லை.

களப்பயணத்துக்கு எங்கே கூட்டிப்போகலாம்? வெள்ளம் பட்ட வீடுகளுக்குள் ஒரு வகுப்பே கமராவோடு நுழைவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்படையாக என்ன கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கால்வாய் இன்ஜினியர் (ஓய்வு)

மிஸ், பொரளையில் பெய்கிற மழை கடலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியை முதல் வகுப்பிலேயே போடுங்கள். பதிலை அவர்களே நடந்து கண்டுபிடிக்கட்டும்.

தெற்குப் பக்கம் கிருலப்பனைக் கால்வாய் வழியாக வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தண்ணீர் கடலில் விழுகிறது. வடக்குப் பக்கம் தெமட்டகொட, சென் செபஸ்தியன் கால்வாய்கள் வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. நிலத்தில் சரிவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதனால் தண்ணீர் ஓடாது, மெதுவாக நகரும். அது நகர்ந்து முடியும் வரைக்கும் எங்காவது நிற்க வேண்டும். சதுப்பு நிலத்தின் வேலை அதுதான். அதை நிரப்பினால் அதே தண்ணீர் அடுத்தவன் வீட்டில் நிற்கும்.

மாணவர்கள் அதிகம் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மலையகத்தில் கொட்டிய மழையால் களனி ஏறும்போது, ஆற்று நீர் நகருக்குள் வராமல், கால்வாய் களனியில் சேரும் இடத்து வடக்குக் கதவை மூட வேண்டும். மூடினால் நகரில் பெய்யும் மழை உள்ளேயே அடைபடும். அப்போது நம்புவதற்குப் பம்பும் சதுப்பும் மட்டும்தான். எந்த நேரத்தில் மூடுவது, எப்போது திறப்பது? அந்த இரவுகளில் களனியின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலை விட்டு எங்கள் கண் நகராது. 5 அடியில் சிறு வெள்ளம், 7 அடியில் பெரு வெள்ளம். 1947இல் 12 அடியையும் தாண்டியது.

நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று மட்டங்களை வெளியிடுகிறது. ஒரு மழைக்காலத்தில் களனியின் மேற்பக்கம் ஹங்வெல்லவிலும், கீழ்ப்பக்கம் நாகலகம் வீதியிலும் எடுத்த அளவுகளை எடுத்து ஒரே தாளில் வரைபு கீறச் சொல்லுங்கள். மேலே ஏறிய தண்ணீர் கீழே வர எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்று தெரியும். எச்சரிக்கைக்குக் கையில் இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

நீங்கள் வெள்ளவத்தை என்றால் கால்வாய் கடலில் விழும் இடம் நடை தூரம்தான். வாயில் மணல் மேடு கட்டும், பெக்கோ விட்டு வெட்டினால்தான் தண்ணீர் இறங்கும். கோடிக்கணக்கில் போட்ட திட்டமும் அந்த மணலை யாராவது நேரத்துக்கு வெட்டுவதில்தான் தங்கியிருக்கிறது.

கொலன்னாவைக்காரி

நானும் இதே மாதிரி ஒரு முதுமாணிப் படிப்பு முடித்தவள். மிஸ் வகுப்பில் கேட்ட அந்த இரண்டு பதிலையும் நானும் என் வகுப்பில் கேட்டேன், பின் வாங்கில் பேசாமல் இருந்தேன்.

வீடுகளுக்கு வருவதில் தப்பில்லை, எப்படி வருவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளம் வடிந்த வாரம் வராதீர்கள், அப்போது சேறு அள்ளவே கை போதாது. பெப்ரவரி மாதிரி ஒரு காய்ந்த மாதத்தில், இரண்டு மூன்று பேராக, ஊர்ச் சங்கத்திடம் முதலில் கதைத்துவிட்டு வாருங்கள்.

வந்தால் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பிளக் பொயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருக்கும். பிரிட்ஜ் பிளொக் கல்லின் மேல் நிற்கும். காஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டி வைப்போம், இல்லாவிட்டால் மிதந்து போய்விடும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் ஒரே பொலித்தீன் பையில், கையெட்டும் உயரத்தில். இதை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. காசு உள்ளவர் மேலே ஒரு தட்டுப் போடுகிறார். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார், நட்டஈடு யாருக்குப் போகும் என்பதை மாணவர்கள் விசாரிக்கட்டும்.

அப்புறம் அந்தக் குப்பைப் பேச்சு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது அந்தச் சனத்தின் குப்பை இல்லை. கொழும்பு நகரம் முழுக்க அள்ளிக் கொண்டுவந்து எங்கள் பக்கம் கொட்டிய குப்பை. "சனம் குப்பை போடுது" என்று எழுதுகிற மாணவரிடம், உங்கள் வீட்டுக் குப்பை இன்று எங்கே போனது என்று கேளுங்கள்.

நகரத் திட்டமிடல் படிப்பிப்பவர்

மேலே இருவர் சொன்னதும் அருமை. ஆனால் வெள்ளத்தோடு மட்டும் பாடத்தை நிறுத்த வேண்டாம். வெள்ள ஆபத்தைக் குறைக்கிறோம் என்று கால்வாய்க் கரைக் குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றினார்கள். தண்ணீர் இனி வீட்டுக்குள் வராது, உண்மை. ஆனால் வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? லிப்ட் பழுதானால் வயதானவர் எப்படிக் கிளினிக்குக்குப் போவார்? யாருடைய தாங்குதிறன் கூடியது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் முதுமாணி மட்டத்துக்கான கேள்வி. 1921இல் ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் பட்ரிக் கெடிஸ் கொழும்புக்குத் தந்த திட்டத்திலிருந்து இன்று வரை அதே கேள்வியோடு வாசிக்கலாம். ரொட்டர்டாமையும் தூக்கி எறியாதீர்கள், அங்கே பராமரிப்புக்கு யார் பொறுப்பு, காசு எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

ஒப்படைக்கு நான் கொடுப்பது மாநகர ஆணையாளருக்கு இரண்டு பக்கக் குறிப்பு. ஒரு சிறு வடிகால் பிரதேசம், ஒரு முன்மொழிவு, செலவு, பராமரிக்கப்போகும் பிரிவு. பராமரிப்பவர் யாரென்று எழுதாவிட்டால் பாதிப் புள்ளி போய்விடும்.

வெள்ளவத்தை விரிவுரையாளர்

மிகவும் நன்றி. கால்வாய் நடையை முதலில் வைத்து, ஆற்று மட்ட வரைபை இரண்டாவது ஒப்படையாக்குகிறேன். வீடுகளுக்குப் போவது பெப்ரவரியில், சங்கத்தின் சம்மதத்தோடு மட்டும். மாணவர்கள் கீறும் வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அந்த ஊருக்கே கொடுத்துவிட்டுத்தான் புள்ளி போடுவேன். இரண்டு பக்கக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்ஜினியர் ஐயா, ஒரு சனிக்கிழமை காலையில் எங்களோடு நடக்க வர முடியுமா?

கால்வாய் இன்ஜினியர் (ஓய்வு)

கட்டாயம் வருகிறேன். பம்பு நிலையத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வேண்டும், கடிதத்தை இப்போதே அனுப்புங்கள். தெமட்டகொடவில் தொடங்கி வடக்குக் கதவு வரைக்கும் நடப்போம். வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும், ஏழு மணிக்கெல்லாம் எல்லோரையும் வரச் சொல்லுங்கள்.