பழைய மர ஜன்னலை மாற்றணும்: யுபிவிசியா, அலுமினியமா?

கடலோரவாசி:
வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். 30 வருஷத்து மர ஜன்னல், கீழ்ச்சட்டத்தைக் கரையான் அரித்து விரலால் அழுத்தினாலே மாவாக உதிர்கிறது. ஐப்பசி மழைக்குள் மாற்றியாக வேண்டும். எது நல்லது?

மேஸ்திரி மகன்:
உப்புக்காற்றுக்கு யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் சட்டம்தான், துருப்பிடிக்காது. ஆனால் கடையில் அந்தச் சட்டத்தின் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கிப் பாருங்கள், பெரிய ஜன்னல் என்றால் உள்ளே கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) இரும்புப் பட்டை இருக்க வேண்டும், வெறும் பிளாஸ்டிக் கூடாக இருந்தால் நாளடைவில் வளையும். அளவையும் மூன்று இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள், பழைய சுவர் எங்கே நேராக இருக்கிறது!

மாடிவீடு:
ஸ்லைடிங் வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டில் பொருத்த வந்தவர் டிராக்கில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டையையும் சேர்த்து சிலிக்கான் பூசி அடைத்துவிட்டார், முதல் மழையிலேயே கட்டில் நனைந்தது. வெளியே திறக்கும் ஜன்னல் கதவு ரப்பரோடு இறுக்கமாக மூடும், கொசுவலையை உள்பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

கடலோரவாசி:
சரி, அப்புறம் கிரில்? மரச்சட்டத்தில்தான் அடித்திருக்கிறது.

மேஸ்திரி மகன்:
அதைத் தனியாகச் சுவரில் பதிக்கணும். கொட்டேஷனில் பெரும்பாலும் அது இருக்காது, முதலிலேயே கேட்டுவிடுங்கள். பூச்சுவேலையும்தான்.